‘அவன்’ என்று எழுதிய அறிவுறுத்தல்: அமெரிக்க மேல்முறையீடுகளில் பெண்கள்

குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு ஒரு பெண் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் படியேறுகிறாள் என்று எழுதுவது பேச்சு வழக்குக்காகத்தான். அமெரிக்காவில் அவள் அங்கே போவதே இல்லை. போவது காகிதம். விசாரணை நீதிமன்றத்தில் யார் என்ன பேசினார்கள் என்று சுருக்கெழுத்தாளர் எடுத்த பதிவு, இருதரப்பு வழக்கறிஞர்களும் எழுதிக் கொடுக்கும் வாதுரைகள், அவ்வளவுதான். புதிய சாட்சி கிடையாது. அவள் முகத்தையோ கையில் இருக்கும் தழும்பையோ அந்த நீதிபதிகள் பார்க்கப் போவதில்லை. பெரும்பாலும் மூன்று பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். வழக்கறிஞர்கள் பேசுவதானால் சில நிமிடங்கள் பேசுவார்கள். பல வழக்குகளில் அதுவும் இல்லை.

“நான் அதைச் செய்யவில்லை” என்று சொல்வதற்கு அங்கே அநேகமாக இடமில்லை. எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை ஜூரி தீர்மானித்துவிட்டது. சாட்சியங்களை அந்தத் தீர்ப்புக்குச் சாதகமாகவே வாசிக்க வேண்டும் என்பது விதி. அறிவுள்ள எந்த ஜூரியும் இந்த முடிவுக்கு வந்திருக்கவே முடியாது என்றால் மட்டும் தீர்ப்பு கவிழும். மற்றபடி மேல்முறையீட்டில் கேட்கக்கூடியது சட்டப் பிழை பற்றிய கேள்விதான். சேர்க்கக் கூடாத சாட்சியத்தைச் சேர்த்தார்களா, ஜூரியை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தார்களா, சட்டம் என்ன என்று நீதிபதி ஜூரிக்குச் சொன்னது சரியா என்று கேட்கலாம். அதையும் விசாரணை நடக்கும்போதே வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபித்திருக்க வேண்டும்; அன்று வாய் திறக்காமல் விட்ட பிழை, ஒருசில விதிவிலக்குகள் போக, போனதுதான். பிழை நிரூபணமானாலும், அது முடிவை மாற்றியிருக்காது என்று நீதிபதிகள் கருதினால் தண்டனை அப்படியே நிற்கும். நம் நாட்டில் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் சாட்சியங்களைத் தானே மறுபடி எடைபோடலாம். அந்த வழக்கத்தில் பழகிய நமக்கு இந்தக் குறுகல் முதலில் விசித்திரமாகப் படும்.

இத்தனை குறுகிய வாசல் வழியாகப் போன சில பெண்களின் வழக்குகளை நான் தொடர்ந்து வாசித்துவருகிறேன். அவர்கள் நிரபராதிகளா என்ற கேள்வியை அநேகமாக இந்த வழக்குகள் தொடுவதே இல்லை. தங்களை எடைபோட்ட தராசு யாருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த வாசல். முதலில், அந்த வாசலே இல்லாமல் போன ஒருவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

1872 நவம்பர் 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் சூசன் பி. அந்தோணி ஓட்டுப் போட்டார். பெண்ணுக்கு ஓட்டுரிமை இல்லாத காலம், கைதானார். ஜாமீன் தொகை கட்ட மறுத்துச் சிறைக்குப் போனால், அந்தக் காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனு வழியாக உச்ச நீதிமன்றம் வரை போகலாம் என்பது அவர் கணக்கு. அவருடைய வழக்கறிஞர் ஹென்றி செல்டன் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதாலேயே ஒரு பெண் சிறையில் இருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ஜாமீன் பணத்தைத் தானே கட்டிவிட்டார். அந்த வழி அடைந்தது. பெண்ணின் கண்ணியத்தைக் காப்பாற்ற நினைத்த ஆண்கள் பெண்ணின் வழக்கைக் கெடுத்த கதைகளைத் தொகுத்தால் தனிப் புத்தகமே வரும்.

1873 ஜூனில் கனன்டேக்வா என்ற ஊரில் விசாரணை. அப்போதுதான் உச்ச நீதிமன்றத்துக்கு நியமனமாகியிருந்த வார்ட் ஹன்ட், சுற்று நீதிமன்ற நீதிபதியாக வந்து அமர்ந்தார். தன் வழக்கில் தானே சாட்சி சொல்ல அந்தோணிக்குத் தகுதியில்லை என்றார். வாதங்கள் முடிந்ததும், தாளில் எழுதி வைத்திருந்ததைப் படித்து, குற்றவாளி என்றே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று ஜூரிக்குக் கட்டளையிட்டார். ஜூரர்களைத் தனித்தனியே கேட்கச் சொன்ன செல்டனின் கோரிக்கையையும் மறுத்தார். பன்னிரண்டு ஆண்கள் வாயே திறக்காமல் தீர்ப்பு வந்தது. அபராதம் 100 டாலர். ஒரு டாலர்கூடக் கட்ட மாட்டேன் என்றார் அந்தோணி. கட்டும்வரை சிறை என்று உத்தரவிடுவதுதான் வழக்கம். ஹன்ட் அப்படி உத்தரவிட மாட்டேன் என்றார். கருணை என்று தோன்றும். சிறையில் வைக்காததால் ஆட்கொணர்வு மனு போட முடியாது. மனு இல்லையென்றால் உச்ச நீதிமன்றம் இல்லை. கூட்டாட்சி நீதிமன்றங்களில் குற்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் பொதுவான வழியே அன்று கிடையாது. 1889இல் மரண தண்டனை வழக்குகளுக்கும் 1891இல் பிற கடுங்குற்றங்களுக்கும்தான் அது வந்தது. மேல்முறையீடு அரசியல் சட்டம் தரும் உரிமையல்ல, சட்டமன்றம் விரும்பித் தருவது என்று 1894இல்கூட உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தோணி அபராதத்தைக் கட்டவே இல்லை. யாரும் வசூலிக்கவும் இல்லை. 2020 ஆகஸ்டில் அப்போதைய அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கியபோது, ராச்செஸ்டரில் அவர் வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக நடத்துபவர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். மன்னிப்பை ஏற்றால் குற்றத்தை ஏற்றதாகும் என்பது அவர்கள் நியாயம்.

தண்டனை கேட்க நின்றபோது அந்தோணி சொன்னவற்றில் ஒன்று, என்னை விசாரித்தது எனக்குச் சமமானவர்களின் ஜூரி அல்ல என்பது. அந்தக் குறை மேல்முறையீடாக உச்ச நீதிமன்றம் போய்ச்சேர ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின.

அதற்கு நடுவில் 1880இல் ஒரு தீர்ப்பு. மேற்கு வர்ஜீனியாவில் கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து ஒதுக்கிய சட்டத்தை எதிர்த்து ஸ்ட்ராடர் என்ற கறுப்பினத்தவர் வென்ற வழக்கு அது. இனச் சமத்துவ வரலாற்றில் மைல்கல் என்று அதைப் பாராட்டுவார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே தீர்ப்பில், ஜூரியை ஆண்களோடு நிறுத்திக்கொள்ள மாநிலங்களுக்குத் தடையில்லை என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறது. ஸ்ட்ராடர் மீதான குற்றச்சாட்டு, மனைவியைக் கொன்றார் என்பது. அவருக்குச் சமமானவர்கள் யார் என்று நீதிமன்றம் யோசித்தது. செத்துப்போன அந்தக் கறுப்பினப் பெண்ணுக்குச் சமமானவர்கள் யார் என்று கேட்க அந்தத் தீர்ப்பில் யாரும் இல்லை.

1957. ஃபுளோரிடாவின் டாம்பா. க்வெண்டலின் ஹாய்ட் தன் கணவரை பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார். கணவருக்கு வேறு உறவு இருந்ததாகச் சந்தேகம். சமரசத்துக்கு அவர் எடுத்த கடைசி முயற்சியையும் கணவர் தள்ளிவிட்ட இரவு. அந்த நேரத்தில் நிதானம் தவறியிருந்தார் என்பதே எதிர்வாதம். ஆறு ஆண்கள் கொண்ட ஜூரி 25 நிமிடங்களில் குற்றவாளி என்றது. 30 ஆண்டு சிறை.

ஃபுளோரிடாவில் 1949 வரை பெண்கள் ஜூரியில் அமரவே முடியாது. அதன்பின் வந்த சட்டம் ஒரு தந்திரம் செய்தது. ஆண் என்றால் அவன் பெயர் தானாகப் பட்டியலில் சேரும். பெண் என்றால் அவளே நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய், நான் ஜூரியில் இருக்கச் சம்மதம் என்று பதிவு செய்ய வேண்டும். ஹாய்ட் வாழ்ந்த ஹில்ஸ்பரோ கவுண்டியில் 46,000 பெண் வாக்காளர்கள் இருந்தார்கள். பதிவு செய்தவர்கள் 220 பேர். ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட ஜூரிப் பட்டியலில் கடைசியில் இடம்பெற்ற பெண்கள் 10 பேர். பதிவு செய்தவர்களிலேயே 210 பேர் எங்கே போனார்கள் என்று நமக்குக் கேட்கத் தோன்றும். பட்டியல் தயாரித்த அதிகாரிக்குத் தோன்றவில்லை.

ஹாய்ட்டின் மேல்முறையீடு 1961இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பெண் ஜூரர்கள் இருந்திருந்தால் என் செயலை இன்னும் புரிந்துகொண்டிருப்பார்கள் என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஒருமனதாக நிராகரித்தது. நீதிபதி ஹார்லன் எழுதிய தீர்ப்பின் மையம் இதுதான்: பெண்கள் எத்தனையோ துறைகளில் நுழைந்துவிட்டாலும், இன்னமும் வீட்டுக்கும் குடும்பத்துக்கும் மையமாகவே கருதப்படுகிறார்கள், எனவே அவளாக விரும்பினாலொழிய ஜூரிக் கடமையிலிருந்து அவளை விட்டுவைப்பது நியாயமான ஏற்பாடு. அதை வாசிக்கும்போது எனக்குக் கோபத்தைவிட வியப்பே அதிகம். குடும்பத்தின் மையம் என்று சொல்லப்பட்ட ஒருத்தியின் குடும்பம் உடைந்த கதைதான் அந்த வழக்கு. அதைத் தீர்ப்பவர்களில் இன்னொரு ‘மையம்’ இருக்கத் தேவையில்லை என்பதற்கும் அதே குடும்பம் காரணமானது.

இந்த வழக்கில் ஹாய்ட்டுக்கு ஆதரவாக அமெரிக்க சிவில் உரிமைக் கழகம் நின்றதன் பின்னால் டோரத்தி கென்யன் என்ற மூத்த வழக்கறிஞர் இருந்தார். பிறகு அவரும் பாலி முர்ரே என்ற கறுப்பின வழக்கறிஞரும் உழைத்து, பெண்களை ஜூரியிலிருந்து முற்றாக விலக்கிய அலபாமா சட்டத்தை 1966இல் வீழ்த்தினார்கள். 1971இல் ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் முதல் பெரிய உச்ச நீதிமன்ற வாதுரையின் முகப்பில் இவ்விருவர் பெயரையும் சேர்த்தார். அந்த வாதுரையை அவர்கள் எழுதவில்லை. யாருடைய தோளில் ஏறி நிற்கிறோம் என்று காட்ட கின்ஸ்பர்க் செய்த காரியம் அது.

ஹாய்ட் தீர்ப்பின் வலு 1975 ஜனவரி 21 அன்று போயிற்று. போக்கியது ஒரு பெண்ணின் மேல்முறையீடு அல்ல. லூசியானாவில் ஆட்கடத்தலுக்காக மரண தண்டனை பெற்ற பில்லி டெய்லர் என்ற ஆண், என் ஜூரியில் பெண்களே இல்லை என்று முறையிட்டார். அந்த வட்டாரத்தில் தகுதியுள்ளவர்களில் 53 விழுக்காடு பெண்கள். அவர் வழக்குக்காக அழைக்கப்பட்ட 175 பேரில் ஒருவர்கூடப் பெண் இல்லை. ஜூரி என்பது சமூகத்தின் குறுக்குவெட்டிலிருந்து வர வேண்டும், பாதிச் சமூகத்தை விட்டுவிட்டு அது அமையாது என்றது நீதிமன்றம். பெண்களுக்குச் சமத்துவ உரிமை உண்டு என்பதற்காக அல்ல. குற்றம் சாட்டப்பட்டவருக்கு முறையான ஜூரி கிடைக்க வேண்டும் என்பதற்காக. பெண்களின் சார்பில் கின்ஸ்பர்க் வாதாடிய லூசியானா வழக்கும் அதே வேளையில் அதே நீதிமன்றத்தின் முன் இருந்தது. வரலாற்றில் பெயர் நின்றது டெய்லருக்கு. அதோடு அடுத்த சில நாட்களிலேயே, இந்தத் தீர்ப்பு முன்தேதியிட்டுச் செல்லாது, ஏற்கெனவே அமைந்த ஜூரிகளின் தீர்ப்புகளை இது தொடாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஹாய்ட்டைப் போல ஆண் ஜூரிகள் முன் நின்று போனவர்களுக்கு அதில் எதுவும் இல்லை.

ஜூரியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. அவர்கள் காதில் சட்டம் எந்தச் சொற்களில் விழுகிறது என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது கேள்விக்கு இவான் வான்ரோவின் வழக்கைப்போல வேறொன்றை நான் அறியேன்.

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரம், 1972 ஆகஸ்ட். வான்ரோ, கால்வில் பழங்குடியைச் சேர்ந்தவர். பிள்ளைகளை ஒரு தோழியின் வீட்டில் விட்டிருந்தார். பக்கத்தில் குடியிருந்த ஓர் ஆள் தன்னை வீட்டுக்குள் இழுக்கப் பார்த்தான் என்று மகன் ஓடிவந்து சொன்னான். அதே ஆள்தான் சில மாதங்களுக்கு முன் தோழியின் ஏழு வயது மகளைச் சீரழித்தவன் என்பது அன்று தெரியவந்தது. போலீஸ் வந்தது. திங்கள்கிழமை காலை ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுங்கள், அதற்கு முன் கைது செய்ய முடியாது என்று சொல்லிப் போனது. அந்த இரவு தோழி தனியே இருக்கப் பயந்தார். வான்ரோ கைப்பையில் துப்பாக்கியோடு துணைக்கு வந்தார். தங்கையும் அவர் கணவரும் வந்தார்கள். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். பெரியவர்கள் யாரும் தூங்கவில்லை.

விடியற்காலை ஐந்து மணி வாக்கில் தங்கையின் கணவர், பெண்களிடம் சொல்லாமலே அந்த ஆளின் வீட்டுக்குப் போய் நியாயம் கேட்டிருக்கிறார். விளைவு, நல்ல போதையில் அந்த ஆளே இங்கு வந்து உள்ளே நுழைந்தார். போகச் சொல்லியும் போகவில்லை. சோபாவில் படுத்திருந்த குழந்தையை நோக்கிப் போனார் என்கிறது சாட்சியம். தங்கையின் கணவரைக் கூப்பிட வாசல் பக்கம் போன வான்ரோ திரும்பியபோது, அந்த ஆள் தனக்கு நேர்ப் பின்னால் நின்றதாகவும், திடுக்கிட்டுச் சுட்டதாகவும் சொன்னார். அந்த ஆள் இறந்தார். உடன் வந்த இன்னொருவருக்குக் காயம். வான்ரோவின் உயரம் 5 அடி 4 அங்குலம். ஒரு கால் முறிந்து மாவுக்கட்டோடு ஊன்றுகோல் வைத்திருந்தார். எதிரில் நின்றவர் 6 அடி 2 அங்குலம்.

1973 மே மாதம், அன்னையர் தினத்தன்று, ஜூரி குற்றவாளி என்றது. 20 ஆண்டு தண்டனைகள் இரண்டு, துப்பாக்கிக்காக இன்னும் 5 ஆண்டு.

மேல்முறையீட்டில் நான் மேலே சொன்ன கதை எதற்கும் நேரடி மதிப்பு இல்லை. அதை ஜூரி கேட்டாயிற்று, நம்பாமல் விட்டாயிற்று. வழக்கறிஞர்கள் தேடியது பிழையை. ஒரு பிழை வெளிப்படையாகவே இருந்தது: சம்பவத்துக்குப் பின் போலீசுக்குப் போன தொலைபேசி அழைப்பின் ஒலிப்பதிவை, மாநிலத்தின் அந்தரங்கச் சட்டத்துக்கு மாறாக ஜூரிக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். 1975இல் இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்காகத் தீர்ப்பை ரத்து செய்தது. அரசு விடாமல் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போக, அரசியல் சட்ட உரிமைகள் மையத்தின் எலிசபெத் ஷ்னைடரும் நான்சி ஸ்டேர்ன்ஸும் வான்ரோவுக்காக வந்தார்கள். அவர்கள் கை வைத்த இடம் வேறு. தற்காப்பு என்றால் என்ன என்று நீதிபதி ஜூரிக்குப் படித்துக்காட்டிய அறிவுறுத்தலை வரிவரியாகப் பிரித்தார்கள்.

அதில் இரண்டு கோளாறுகள். கொலை நடந்த நேரத்திலும் அதற்குச் சற்று முன்பும் நடந்ததை மட்டும் கணக்கில் எடுங்கள் என்றது அது. அப்படியானால் ஏழு வயதுச் சிறுமிக்கு நடந்தது கணக்கில் இல்லை. போலீஸ் திங்கள்கிழமை வரச் சொன்னது கணக்கில் இல்லை. அந்த ஆளைப் பற்றி வான்ரோ அறிந்திருந்த எதுவும் கணக்கில் இல்லை. இரண்டாவது, வெறுங்கையோடு வருபவனை ஆயுதத்தால் எதிர்க்க ‘அவனுக்கு’ உரிமையில்லை, ‘அவன்’ தன் உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக நம்பினாலொழிய என்று, அறிவுறுத்தல் முழுக்க ஆண்பாலில் போயிற்று. கேட்கும் ஜூரரின் மனத்தில் எழும் காட்சி, சம பலமுள்ள இரண்டு ஆண்களின் சண்டை. அதில் ஒருவன் துப்பாக்கி எடுத்தால் அது கோழைத்தனம், அத்துமீறல். 5 அடி 4 அங்குல உயரத்தில் ஊன்றுகோலோடு நிற்பவளுக்கு ‘வெறுங்கை’ என்பது எவ்வளவு வெறுமையானது?

1977 ஜனவரியில் நீதிபதி ராபர்ட் அட்டர் எழுதிய தீர்ப்பு இதை ஏற்றது. ஒரு பெண் தன் கண்ணில் பட்டபடி ஆபத்தை எடைபோட்டதை ஜூரி பார்க்க வேண்டும். பெண்ணுக்கு உடல்ரீதியாகத் தன்னைக் காத்துக்கொள்ளும் பயிற்சியும் வாய்ப்பும் மறுக்கப்பட்டிருப்பது இந்த நாட்டின் நீண்ட பாலினப் பாகுபாட்டின் விளைவு. அதைக் கணக்கில் எடுக்காமல் ஆணின் அளவுகோலால் அவளை அளப்பது, சட்டத்தின் சமப் பாதுகாப்பை அவளுக்கு மறுப்பது என்றார்.

ஆண்பால் சுட்டுப்பெயர் பெண்ணையும் உள்ளடக்கும் என்ற விதி நமக்கும் உண்டு. 1897ஆம் ஆண்டுப் பொதுச் சொற்பொருள் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. காகிதத்தில் உள்ளடக்கும். காதில் விழும்போது என்ன ஆகிறது என்று கேட்டது வான்ரோ வழக்கு. அந்த ஒரு கேள்விக்காகவே சட்டம் படிக்கும் மாணவிகள் இந்தத் தீர்ப்பைத் தேடிப் படிக்க வேண்டும்.

தீர்ப்பு தராமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். பழங்குடிப் பண்பாட்டில் வளர்ந்தவர் அந்தச் சூழலை எப்படி உணர்ந்திருப்பார் என்று விளக்க ஒரு நிபுணரைச் சாட்சியாக அழைக்க வான்ரோ தரப்பு கேட்டிருந்தது. விசாரணை நீதிபதி மறுத்தார். அது பிழையல்ல என்று மாநில உச்ச நீதிமன்றமும் சொன்னது. பெண் என்ற வகையில் அவருக்குத் திறந்த கதவு, பழங்குடிப் பெண் என்ற வகையில் திறக்கவில்லை. பெண்ணியச் சட்ட வரலாறுகள் பலவற்றில் இந்த வரி அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது என்பது என் வருத்தம்.

மேல்முறையீட்டில் வென்றால் விடுதலை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. தீர்ப்பு ரத்தானால் வழக்கு மீண்டும் கீழே போகும். அரசுத் தரப்பு மறுபடி முதலிலிருந்து விசாரிக்கலாம். ஃபுளோரிடாவின் மரிஸா அலெக்ஸாண்டர் என்ற கறுப்பினப் பெண்ணின் கதை இதைக் காட்டும். 2010இல், தன்னை அடித்துவந்த கணவர் மிரட்டியபோது எச்சரிக்கையாக ஒரு குண்டு சுட்டார், யாருக்கும் காயமில்லை. 2012இல் ஜூரி 12 நிமிடங்களில் குற்றவாளி என்றது. கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைச் சட்டத்தின்படி 20 ஆண்டுகள். 2013 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. காரணம் இங்கும் ஜூரி அறிவுறுத்தல்தான்: தற்காப்பை ஐயத்துக்கு இடமின்றி அவரே நிரூபிக்க வேண்டும் என்பதுபோல நீதிபதி சொல்லியிருந்தார். அந்தச் சுமை அரசுக்கு உரியது. ஆனால் மறுவிசாரணையில் மூன்று தண்டனைகளையும் அடுத்தடுத்து அனுபவிக்கும்படி 60 ஆண்டு கேட்போம் என்று அரசுத் தரப்பு அறிவித்தது. ஜெயித்ததற்குக் கிடைத்த பரிசு மும்மடங்கு. 2014 நவம்பரில் அலெக்ஸாண்டர் குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம் முடித்தார்: மூன்று ஆண்டு சிறை, அதில் பெரும்பகுதி ஏற்கெனவே கழிந்திருந்தது, பிறகு இரண்டு ஆண்டு வீட்டுக்காவல்.

அமெரிக்காவில் குற்றத் தீர்ப்புகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இப்படி ஒப்புதல் பேரத்தில் முடிபவை. ஒப்புக்கொண்டவருக்கு மேல்முறையீட்டு வாசல் அநேகமாக மூடிவிடும். ஏழைக்குச் சுருக்கெழுத்துப் பதிவை அரசே தர வேண்டும் என்று 1956இலும், முதல் மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞரைத் தர வேண்டும் என்று 1963இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணையே நடக்காத வழக்கில் பதிவு எங்கிருந்து வரும்?

வான்ரோவுக்கும் மறுவிசாரணை நடக்கவில்லை. 1979இல், குறைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். சிறை இல்லை, ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூக சேவையும். சுட்ட இரவுக்கும் அதற்கும் இடையே ஏழு ஆண்டுகள். பெண்களின் தற்காப்பு உரிமைக்கான முன்னுதாரணம் என்று அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் அவர் பெயரைப் படிக்கிறார்கள். ஸ்போகேன் நீதிமன்றப் பதிவேட்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்.